மாவு மாத்திரைக்கு ஏன் இவ்வளவு மரியாதை? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு தலைவலி மருந்தைப் பற்றிச் சொல்லும்போது, 'பிளாசிபோவைவிடக் கொஞ்சம்தான் மேல்', அதாவது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். கோபமாகச் சிலர், ஆர்வமாகப் பலர். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: பிளாசிபோ என்றால் போலி மருந்துதானே? போலி மருந்து விற்றால் ஜெயில், ஆராய்ச்சியில் கொடுத்தால் மட்டும் விஞ்ஞானமா?

இரண்டும் வேறு வேறு. போலி மருந்து விற்பவன் 'இது அசல்' என்று பொய் சொல்கிறான். ஆராய்ச்சியில், 'உங்களுக்கு மருந்தும் வரலாம், மருந்தே இல்லாத மாத்திரையும் வரலாம், எது என்று உங்களுக்கும் தெரியாது, கொடுக்கிற எங்களுக்கும் தெரியாது' என்று முதலிலேயே சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகுதான் தருகிறார்கள். அதனால்தான் தமிழில் சொல்லைத் திருப்பிப் போட்டு 'மருந்துப்போலி' என்கிறோம். பள்ளியில் போலி இலக்கணம் படித்திருப்பீர்கள், 'முகம்' என்பது 'முகன்' என்று வந்தால் அது கடைப்போலி. அங்கே கள்ளம் எதுவும் இல்லை, ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து நிற்கிறது, அவ்வளவுதான். இதுவும் அப்படியே. அதே நிறம், அதே அளவு, முடிந்தால் அதே கசப்பு, மருந்துச் சரக்கு மட்டும் உள்ளே இருக்காது. ஊசியென்றால் பெரும்பாலும் உப்புநீர். (சர்க்கரை மாத்திரை என்று எழுதினால் நீரிழிவு மாத்திரை என்று படித்துவிடுவீர்கள், அதனால் இனி மாவு மாத்திரை என்றே எழுதுகிறேன்.)

பிளாசிபோ என்ற லத்தீன் சொல்லுக்கு 'நான் மகிழ்விப்பேன்' என்று பொருள். நோயாளியின் மனத் திருப்திக்காக மருத்துவர்கள் எதையாவது எழுதிக்கொடுத்த காலத்துப் பெயர் அது. ஆராய்ச்சியில் அதன் வேலை யாரையும் மகிழ்விப்பது இல்லை, அளப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது?

ஒரே ஆளைச் சொல்ல முடியாது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. 1796-ல் எலைஷா பெர்கின்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இரண்டு உலோகக் குச்சிகளுக்குக் காப்புரிமை வாங்கினார். வலிக்கிற இடத்தில் அவற்றை வைத்து இழுத்தால் வலி வெளியே வந்துவிடும் என்றார், இங்கிலாந்து வரைக்கும் அமோக விற்பனை. 1799-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர் மரத்தில் அதே போலக் குச்சிகள் செய்து, உலோகம் மாதிரித் தெரியும்படி சாயம் பூசி, ஐந்து நோயாளிகள் மேல் இழுத்துப் பார்த்தார். நான்கு பேர் வலி குறைந்தது என்றார்கள். மறுநாள் அசல் உலோகக் குச்சியால் இழுத்தபோதும் ஏறக்குறைய அதே கதைதான். நோயாளிகள் பொய் சொல்லவில்லை. குச்சியின் உலோகத்துக்கு அதில் பங்கு இல்லை என்பதுதான் தெரிய வந்தது. வாதம் செய்து நிரூபிக்க முடியாத ஒன்றை இரண்டு மரக்குச்சிகள் நிரூபித்துவிட்டன.

கேள்வி: பிளாசிபோ சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு நோய் சரியாகிவிடுகிறது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அப்படியென்றால் மனசுதானே பெரிய மருந்து? இதை ஏன் மறைக்கிறார்கள்?

யாரும் மறைக்கவில்லை. அந்த 'மூன்றில் ஒருவர்' எங்கிருந்து வந்தார் என்று பார்ப்போம். 1955-ல் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் 15 ஆய்வுகளைத் திரட்டி, பிளாசிபோ எடுத்தவர்களில் சராசரியாக 35 சதவீதம் பேருக்கு நிவாரணம் கிடைத்தது என்று எழுதினார். அந்த எண் பிறகு பாடப்புத்தகங்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆனால் அவர் எண்ணியது பிளாசிபோ எடுத்த'பின்' தேறியவர்களை. பிளாசிபோவா'ல்' தேறியவர்களை அல்ல. 'பின்' என்பதற்கும் 'ஆல்' என்பதற்கும் நடுவே இருக்கிற தூரத்தை அளக்கத்தான் இத்தனை பாடும்.

யோசித்துப் பாருங்கள். அந்த 15 ஆய்வுகளில் சளியும் ஒரு நோய். சளி எதைச் சாப்பிட்டாலும் போகும், எதுவுமே சாப்பிடாவிட்டாலும் போகும். முதுகுவலி, மூட்டுவலி, மனச்சோர்வு போன்றவை அலை மாதிரி ஏறி இறங்குபவை. நாம் எப்போது மருத்துவரிடம் போகிறோம்? தாங்க முடியாமல் போகும்போது, அதாவது அலை உச்சியில் இருக்கும்போது. உச்சிக்குப் பிறகு இறக்கம்தானே? அந்த இறக்கத்தின்போது வாயில் என்ன மாத்திரை இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இதோடு இன்னொன்றும் சேரும். அக்கறையாகக் கேட்கிற மருத்துவரிடம் 'இன்னும் அப்படியேதான் இருக்கு' என்று முகத்துக்கு நேராகச் சொல்ல நம்மில் பலருக்கு மனசு வராது, 'பரவாயில்லை' என்று சொல்லிவிடுவோம். அதுவும் 35 சதவீதக் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும்.

சரி, இதையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? அதற்கு இன்னொரு குழு வேண்டும், மாவு மாத்திரைகூடக் கொடுக்காமல் சும்மா கவனிக்கப்பட்ட குழு. அப்படிக் குழு இருந்த 114 ஆய்வுகளை டென்மார்க்கைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2001-ல் சேர்த்துப் பார்த்தார்கள். வலி போல, நோயாளியே உணர்ந்து சொல்கிற விஷயங்களில் பிளாசிபோவுக்குச் சிறிய பலன் தெரிந்தது. கருவியால் அளக்கக்கூடியவற்றில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை.

2011-ல் வெளியான ஒரு ஆஸ்துமா ஆய்வு இதைக் கண்ணெதிரே காட்டியது. ஒரே நோயாளிகளுக்கு வெவ்வேறு நாள்களில் அசல் இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், பாவனை அக்குபங்சர் ஆகியவற்றைத் தந்தார்கள், சில நாள்களில் எதுவுமே தரவில்லை. 'எவ்வளவு தேவலை?' என்று கேட்டபோது அசலுக்கு 50 சதவீதம் என்றார்கள், போலி இன்ஹேலருக்கு 45, பாவனை ஊசிக்கு 46, எதுவும் தராத நாளுக்கு 21. அப்புறம் ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தார்கள். அசல் மருந்தில் 20 சதவீதம் முன்னேற்றம். மற்ற மூன்றிலும் 7 சதவீதம் அளவுதான், ஒன்றும் தராத நாள் உட்பட! எனக்கு இது வெறும் சுவாரசியமான எண் இல்லை, பயமுறுத்துகிற எண். மூச்சுக்குழாய் சுருங்கியபடியே இருக்க, 'எனக்கு நல்லாயிருக்கு' என்று ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன ஆகும்? மனசு பெரிய மருந்து என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு நாள்பட்ட முதுகுவலி. ஒருநாள் வலி மாத்திரை தீர்ந்துவிட, அதே போல இருந்த வைட்டமின் மாத்திரையைச் சொல்லாமல் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் வலி குறைந்தது என்றார். அப்படியானால் அவர் வலி கற்பனையா? இப்படியே தொடரலாமா?

கற்பனை இல்லை. தயவுசெய்து அந்தச் சொல்லை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். வலி நிஜம், குறைந்திருந்தால் அதுவும் நிஜம். 1978-ல் கலிபோர்னியாவில், கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டவர்களை வைத்து மூன்று ஆய்வாளர்கள் இதைத் துருவினார்கள். பிளாசிபோவால் வலி குறைந்தவர்களுக்கு, நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் வலி திரும்ப ஏறியது. நலாக்சோன் என்பது, மார்ஃபின் என்ற கடுமையான வலிநிவாரணி வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கிற மருந்து. ஆக, 'மருந்து எடுத்துக்கொண்டோம்' என்ற எதிர்பார்ப்பில் உடம்பே தன் சொந்த வலிநிவாரணியைச் சுரந்திருக்கிறது. பல மாதங்களாக அசல் மாத்திரை விழுங்கிப் பழகிய உடம்பு, அந்தச் சடங்குக்கே பதில் சொல்லக் கற்றுக்கொள்கிறது. (ஒரே ஒரு நாள் நடந்ததை வைத்து அம்மா விஷயத்தில் அடித்துச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் வலி தானாக இறங்கியும் இருக்கலாம்.)

ஆனால் சொல்லாமல் தொடர்வது வேண்டாம். என்றாவது தெரிய வரும், அன்றைக்கு மாத்திரை மேல் இருக்கிற நம்பிக்கை மட்டும் இல்லை, உங்கள் மேல் இருக்கிற நம்பிக்கையும் சேர்ந்து போகும். அதைவிட, நடந்ததை அம்மாவிடமும் அவருடைய மருத்துவரிடமும் சொல்லி, வலி மாத்திரையைக் குறைத்துப் பார்க்க வழி உண்டா என்று கேளுங்கள். ஏமாற்றினால்தான் பலிக்கும் என்பதும்கூட நிச்சயம் இல்லை. 2010-ல் குடல் எரிச்சல் நோய் உள்ள 80 பேரில் ஒரு பாதியினருக்கு, 'இதில் மருந்தே இல்லை, ஆனாலும் உதவக்கூடும்' என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் 59 சதவீதம் பேர் தேவலை என்றார்கள், மாத்திரை வாங்காதவர்களில் 35. சிறிய ஆய்வு, அதுவும் யாருக்கு மாத்திரை கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த ஆய்வு, அதனால் தூக்கிக் கொண்டாட மாட்டேன். ஆனாலும் இந்தத் திசையில் தொடர்ந்து தேட வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடுமே. எதற்குக் குழந்தைகளுக்கெல்லாம் வெறும் உப்புநீர் ஊசி குத்த வேண்டும்?

வந்த கேள்விகளிலேயே சிறந்தது இதுதான். இதற்கான பதில் 1954-ல் அமெரிக்காவில், ஜோனஸ் சால்க் என்ற ஆய்வாளர் உருவாக்கிய போலியோ தடுப்பூசியின் சோதனையில் கிடைத்தது. அங்கே நீங்கள் சொல்கிற முறையும் இருந்தது, பிளாசிபோ முறையும் இருந்தது, இரண்டும் வெவ்வேறு பகுதிகளில் ஒரே சமயத்தில் நடந்தன. பிளாசிபோ பகுதிகளில் சுமார் 2 லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி, இன்னொரு 2 லட்சம் பேருக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்பது குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, போலியோவா இல்லையா என்று முடிவு செய்த மருத்துவருக்கும் தெரியாது. லேசான போலியோவைக் கண்டுபிடிப்பது கடினம். 'தடுப்பூசி போட்ட பிள்ளைதானே' என்று தெரிந்துவிட்டால் மருத்துவரின் தராசு தன்னை அறியாமல் ஒரு பக்கம் சாயும்.

முடிவில் லட்சம் பேருக்கு எத்தனை போலியோ? தடுப்பூசிக் குழுவில் 28, வெறும் ஊசிக் குழுவில் 71. இனிதான் விஷயம். அதே பகுதிகளில், சோதனையே வேண்டாம் என்று பெற்றோர் மறுத்த குழந்தைகளிடையே 46! அவர்களும் தடுப்பூசி போடாதவர்கள்தான், வெறும் ஊசிக்காரர்களும் போடாதவர்கள்தான். பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

சம்மதம் தந்த குடும்பங்கள் சராசரியாக வசதியும் படிப்பும் கூடியவை. போலியோவோ சுத்தமான வீடுகளைத் தேடித் தாக்குகிற விசித்திரமான நோயாக இருந்தது. சுகாதாரம் குறைந்த இடங்களில் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப்பொருள் காவல் இருக்கும்போதே, கிருமி தொற்றி, லேசாக வந்து போய், எதிர்ப்புச் சக்தி மிஞ்சிவிடும். வசதியான வீட்டுக் குழந்தை கிருமியை முதன்முதலாகச் சந்திப்பது அந்தக் காவல் போன பிறகு. ஆகவே போட்டுக்கொண்டவர், மறுத்தவர் என்று மட்டும் ஒப்பிட்டிருந்தால் 28-க்கு 46 என்று வந்திருக்கும், தடுப்பூசியின் உண்மையான பலத்தில் பெரும் பகுதி கண்ணிலேயே பட்டிருக்காது. ஏற்கிறவர்களும் மறுக்கிறவர்களும் ஊசிக்கு முன்பே வேறு வேறு மனிதர்கள். சம்மதித்தவர்களுக்குள்ளேயே சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஊசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும்.

இதே பாடத்தின் இன்னொரு முகம், 1980-ல் வெளியான ஒரு மாரடைப்பு மருந்து ஆய்வு. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்து ஆண்டில் இறந்தவர்கள் 15 சதவீதம், ஒழுங்கில்லாதவர்களில் 25 சதவீதம் அளவு. ஆகா, மருந்து வேலை செய்கிறது என்று குதிக்கத் தோன்றும். ஆனால் பிளாசிபோ குழுவைப் பாருங்கள், மாவு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் 15, சாப்பிடாதவர்களில் 28. மாவுக்கு உயிர் காக்கும் சக்தி ஏது? மாத்திரையை நேரத்துக்கு எடுப்பவர் மற்ற விஷயங்களிலும் தன்னைக் கவனித்துக்கொள்பவர், அல்லது முதலிலிருந்தே உடல்நிலை சற்று மேலாக இருந்தவர். அந்த மாவு மாத்திரை மட்டும் இல்லாதிருந்தால் ஒரு உதவாத மருந்து உயிர்காக்கும் மருந்து என்று பெயர் வாங்கியிருக்கும்.

கேள்வி: ஆபரேஷனுக்கும் பிளாசிபோ உண்டாமே? தோலைக் கிழித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் தைப்பார்களா?

ஆமாம், அப்படியே. 1950-களில் நெஞ்சுவலிக்கு மார்பின் உள்பக்கத் தமனியைக் கட்டிவிடுகிற அறுவை பிரபலமாக இருந்தது. கீறல் மட்டும் போட்டுத் தமனியைத் தொடாமல் தைத்தவர்களுக்கும் அதே அளவு நிவாரணம் என்று இரண்டு சிறிய ஆய்வுகள் காட்டியதும் அந்த அறுவையே வழக்கொழிந்துவிட்டது. 2002-ல் 180 பேரிடம் நடந்த சோதனையில், முழங்கால் தேய்மானத்துக்குக் குழாய் விட்டுச் சுத்தம் செய்வதும் வெறும் கீறலும் இரண்டு ஆண்டு வரை ஒன்றுபோலவே இருந்தன.

கேட்கக் கொடுமையாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், சில பேருக்குச் சம்மதத்தோடு ஒரு கீறல் போட்டதால், பலன் இல்லாத ஆபரேஷனிலிருந்து எத்தனையோ பேர் தப்பினார்கள். சோதிக்காமல் எல்லோருக்கும் செய்துகொண்டிருந்ததுதான் பெரிய கொடுமை. அவசரப்பட்டு முடிவுக்கு வரவும் கூடாது. உழைக்கும்போது மட்டும் வருகிற நிலையான நெஞ்சுவலிக்கு ஸ்டென்ட் (இதயத் தமனியின் அடைப்பை விரித்து வைக்கிற வலைக்குழாய்) வைப்பதைப் பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட்ட 2017-ஆம் ஆண்டு ஆய்வில், மருந்துகளும் சேர்ந்திருந்தபோது, நோயாளிகளால் எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது என்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அதே குழுவினர் 2023-ல், நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது ஸ்டென்ட் வலியைக் குறைத்தது. மாரடைப்பு வந்தவருக்கு ஸ்டென்ட் வைப்பது முற்றிலும் வேறு விஷயம், அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வேலை செய்கிற மருந்து இருக்கும்போது மாவு மாத்திரை கொடுத்து வேடிக்கை பார்ப்பது துரோகம் இல்லையா?

துரோகம்தான். நிரூபணமான சிகிச்சை இருக்கும்போது அதைப் பறித்துவிட்டு, சாவோ நிரந்தரப் பாதிப்போ வரக்கூடிய நோயில் வெறும் பிளாசிபோ தருவதை மருத்துவ ஆராய்ச்சிக்கான ஹெல்சிங்கி பிரகடனம் ஏற்பதில்லை. புற்றுநோய் போன்றவற்றில் வழக்கமான சிகிச்சை இரு குழுவுக்கும் உண்டு, அதற்கு மேல் ஒரு குழுவுக்குப் புது மருந்து, இன்னொன்றுக்கு பிளாசிபோ.

இந்தக் கோடு மீறப்பட்டதாகப் பெரும் சண்டை நடந்ததும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஏஇசட்டி மருந்து கொடுத்தால் குழந்தைக்கு எச்ஐவி போவது 25.5 சதவீதத்திலிருந்து 8.3-ஆகக் குறைகிறது என்று 1994-லேயே தெரிந்துவிட்டது. அதன் பிறகும், செலவு குறைந்த குறுகியகாலச் சிகிச்சையைச் சோதிக்கிறோம் என்று ஏழை நாடுகளில் பிளாசிபோ வைத்து ஆய்வுகள் நடந்தன. அந்த நாடுகளில் எப்படியும் அந்த மருந்து கிடைக்காது என்பது ஆய்வு நடத்தியவர்களின் வாதம். கிடைக்காது என்பது ஏழ்மையின் விளைவு. அதையே ஆய்வுக்கு வசதியாக எடுத்துக்கொண்டதை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை.

ஆனால் 'இருக்கிற மருந்து வேலை செய்கிறது' என்பது நமக்கு உண்மையிலேயே தெரியுமா என்பதும் ஒரு கேள்வி. மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பு தாறுமாறானால் ஆபத்து, ஆகவே துடிப்பை ஒழுங்காக்கும் மாத்திரை கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்று 1980-களில் மருத்துவர்கள் நம்பினார்கள். நியாயமான நம்பிக்கைதான். பிளாசிபோ வைத்துச் சோதித்தபோது, என்கைனைடு, ஃப்ளெகைனைடு மாத்திரை எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், மாவு மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். துடிப்பு ஒழுங்கானது, ஆள் போய்விட்டார். அந்தச் சோதனையில் பாவப்பட்டவர்கள் பிளாசிபோ குழு இல்லை.

கேள்வி: மருந்துச் சீட்டில் பக்கவிளைவுப் பட்டியலைப் படித்தால் அத்தனையும் எனக்கு வந்துவிடுகிறது. இதுவும் பிளாசிபோவா?

அதன் மறுபக்கம், நோசிபோ என்பார்கள். ஸ்டேடின் என்ற கொழுப்பு மாத்திரையைப் பக்கவிளைவு தாங்காமல் நிறுத்திய 60 பேரிடம் இங்கிலாந்தில் 2020-ல் வெளியான ஆய்வு இது: நான்கு மாதம் ஸ்டேடின், நான்கு மாதம் மாவு மாத்திரை, நான்கு மாதம் எதுவும் இல்லை, மாற்றி மாற்றி. தொந்தரவு மதிப்பெண் மாத்திரை இல்லாத மாதங்களில் 8, ஸ்டேடினில் 16.3, மாவு மாத்திரையில் 15.4. உடம்பு வலித்தது நிஜம், காரணம்தான் வேறு. தங்கள் சொந்த எண்களைப் பார்த்ததும் பாதிப் பேர் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள். பட்டியலைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கு வருகிற தொந்தரவு எப்போது தொடங்கியது, மாத்திரைக்கு முன்பும் இருந்ததா என்று தேதியோடு குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஒரு மருந்துச் சோதனையில் சேரச் சொல்கிறார்கள். எனக்குப் பிளாசிபோ வந்துவிட்டால் ஏமாந்தவன் ஆகிவிடுவேனோ?

ஆக மாட்டீர்கள். புது மருந்து நல்லதா கெட்டதா என்று தெரியாததால்தான் சோதனையே, மேலே சொன்ன இதய மாத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். இப்போது எடுத்துக்கொண்டிருக்கிற மருந்தை நிறுத்தச் சொல்வார்களா? பிளாசிபோ வர எவ்வளவு வாய்ப்பு? நோய் முற்றினால் எந்தக் கட்டத்தில் வெளியே எடுத்து வழக்கமான சிகிச்சை தருவார்கள்? அவசரத்தில் வேறு மருத்துவமனைக்குப் போனால், நான் எந்தக் குழு என்பதை உடனே உடைத்துப் பார்க்க எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்? முடிவுகளை இடையிடையே பார்த்து, ஒரு குழு மோசமானால் நிறுத்த அதிகாரம் உள்ள தனிக் குழு இருக்கிறதா? மருந்து வெற்றி பெற்றால் பிளாசிபோ எடுத்தவர்களுக்கு அது கிடைக்குமா? காயம் பட்டால் செலவு யாருடையது? எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு, அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லாமல், 'கையெழுத்துப் போடுங்க, பார்த்துக்கலாம்' என்றால் சேர வேண்டாம். சேர்ந்துவிட்டால், மாத்திரையை உடைத்து நக்கிப் பார்த்து எது என்று கண்டுபிடிக்க முயலாதீர்கள், பலர் அப்படிச் செய்கிறார்கள். முடிந்த பிறகு நீங்கள் எந்தக் குழுவில் இருந்தீர்கள், ஆய்வில் என்ன தெரிந்தது என்று கேளுங்கள். அந்த முடிவில் உங்கள் மாதங்களும் இருக்கின்றன. எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.